ஏலத்துக்கு வந்த ஏழாம் அத்தியாயம்

அஸ்தினாபுரத்தில் தபீதாள் நடத்துகிற வாடகை நூலகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டின் முன்னறையில் சில அலமாரிகள், ஒரு மேசை, மார்கழியிலும் ஓடுகிற ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். கேபிள் டி.வி. வந்து, சாயங்காலம் ஆனால் தெருவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிற இந்தத் தொண்ணூறுகளிலும் அவளிடம் புத்தகம் எடுக்க ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான். "பிடிக்கலைன்னா மூடி வெச்சிடுங்க. கிழிக்காதீங்க, கிறுக்காதீங்க, முக்கியமா பக்கத்த ஒட்டிடாதீங்க."

முதல் இரண்டும் எல்லோருக்கும் புரியும். கடைசியைக் கேட்டால் சிரிப்பார்கள். புத்தகத்தை யாராவது ஒட்டுவார்களா என்பார்கள். ஒட்டுவார்கள். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தமும் கலந்து, ஓரம் ஓரமாகத் தடவி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்து ஒட்டுவார்கள். அப்படி ஒட்டியவர் வேறு யாருமில்லை, அவளுடைய அப்பா ஞானையா.

ஞானையா பொல்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குரோம்பேட்டையில் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பகலெல்லாம் ஃபைல்களோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்புகிற சாதாரண ஆபீஸ் மனிதர். சபைக்குச் செயலர். கடவுள் அவருக்குத் தாராளமாகக் கொடுத்த ஒரே சொத்து குரல். ஆலயத்தில் மைக் கெட்டுப்போன ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவிப்பு வாசிக்க அவரைத்தான் தேடுவார்கள். மைக் கெடாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் மைக்கை நம்பியதில்லை. அந்தக் குரல் இருந்த வீட்டில் இன்னொரு குரலுக்கு இடமிருக்கவில்லை. மனைவி ஞானசௌந்தரி தலையாட்டியே குடும்பம் நடத்தினாள். மகள் தபீதாள் பேசினால் பக்கத்திலிருப்பவர் குனிந்து "என்னம்மா?" என்று இன்னொரு முறை கேட்க வேண்டும்.

எண்பத்தெட்டில் அவள் தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்ந்தாள். முதலாண்டுத் தமிழுக்கு ஒரு நாவலைப் பாடமாக வைத்திருந்தார்கள். மழை பொய்த்த ஒரு கிராமம், அதில் ஓர் அம்மன் கோயில், ஒரு சின்ன தேவாலயம், இரண்டுக்கும் நடுவில் வற்றிப்போன குளம். கதை அதைச் சுற்றித்தான். தபீதாள் முதல் ஆறு அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தாள். ஏழாவதைத் திறப்பதற்குள் விஷயம் சபைக்குப் போய்விட்டது.

கொண்டுபோனவர் சபைப் பொருளாளர் லாசரஸ். அவருடைய தங்கை மகளும் அதே கல்லூரிதான். "செயலர் ஐயா, பிள்ளைங்களுக்கு வெச்சிருக்கிற புத்தகத்துல நம்ம உபதேசியார் பிடியரிசியத் திருடுறாராம்" என்றார். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்து வைத்து, சேர்ந்ததும் ஆலயத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதுதான் பிடியரிசி. நாவலில் வருகிற உபதேசியார், ஆயர் இல்லாத நேரத்தில் அந்தச் சின்ன தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற ஊழியர். "திருடுறது இருக்கட்டும். 'ஆண்டவரே, கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பியிரும்'னு ஜெபம் பண்ணிட்டுத் திருடுறாராம்."

அன்று ஞானையாவுக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவிய கையோடு மைதாவைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். படித்தால் மனசு கெட்டுவிடும் என்று, கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டே ஏழாம் அத்தியாயம் முழுவதற்கும் பசை தடவினார். தபீதாள் கதவோரம் நின்று பார்த்தாள். "வேண்டாம்ப்பா" என்று சொல்லவும் சொன்னாள். அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் கல்லூரி வேப்பமரத்தடியில் அவள் தோழி சாமுண்டீஸ்வரி அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சாமுண்டீஸ்வரி பெருங்களத்தூர்ப் பெண். அவள் அப்பா குப்புராஜ், தாத்தா காலத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தவர். ஊர் அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா.

"உங்கப்பா ஏழா? எங்கப்பா பதினொண்ணுடி" என்று தன் புத்தகத்தை நீட்டினாள். அதில் பதினொன்றாம் அத்தியாயத்துக்குச் சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. அந்த அத்தியாயத்தில், மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், உடுத்த நல்ல சேலை இல்லை என்று ஒரு பூசாரி அம்மனுக்குச் சாத்தின பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். "தாயே, நீ பெத்தவதானே, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்துடறேன்" என்று அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

"அதுக்கா பின்னு?"

"எங்க நைனாக்கு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. உங்க உபதேசியார் கதைய ஒண்ணும் பண்ணல பாரு. பளபளன்னு கீது."

தபீதாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய புத்தகத்திலும் பூசாரி பத்திரமாக இருந்தார். அவரவர் சாமியை அவரவர் காப்பாற்றிவிட்டு, அடுத்தவர் சாமியை அடுத்தவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பாக்கள் இருவரும் பெருந்தன்மையாக விட்டிருந்தார்கள். இரண்டு புத்தகத்தையும் சேர்த்து வைத்தால் நாவல் முழுசாக இருந்தது. இருவரும் புத்தகத்தை மாற்றிக்கொண்டார்கள்.

பஞ்சத்தில் ஒரு கைம்பெண்ணின் குழந்தைகள் பசியில் அழுகின்றன. அவர்கள் சபையைச் சேர்ந்தவர்கள்கூட இல்லை. உபதேசியார் பிடியரிசிப் பானைக்கு முன்னால் முழங்கால் போட்டு, அந்தச் சின்ன ஜெபத்தைச் செய்துவிட்டு, அரிசியை அள்ளிக்கொண்டுபோய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார். தபீதாள் இதைத் தாம்பரம் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். வந்த ரயிலை விட்டுவிட்டுப் படித்தாள்.

இதில் எது தேவதூஷணம் என்று அவளுக்கு விளங்கவில்லை. தேடித் தேடிப் பார்த்தாள். ஓய்வுநாள் பள்ளியில் அவள் கேட்ட கதைகளில் குடித்துவிட்டுக் கூடாரத்தில் கிடந்த பெரியவர் இருந்தார், தம்பியை விற்றுத் தின்ற அண்ணன்மார் இருந்தார்கள், அவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று சாதித்த சீஷர் இருந்தார். அவர்கள் மேலெல்லாம் யாரும் பசை தடவவில்லை. படம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இன்னொன்றும் அவளுக்குத் தோன்றியது. அந்தப் பக்கம் திரும்பியிரும் என்று கேட்கிறவன், ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறவன். நம்பாதவன் சும்மா அள்ளிக்கொண்டு போயிருப்பான். இதைத் தானாகவே யோசித்துக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அடுத்த ரயிலையும் கிட்டத்தட்ட விட்டுவிட்டாள்.

நாவலைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார் தமிழம்மா. தபீதாள் தாள் தாளாக எழுதினாள். அதைப் படித்த தமிழம்மா, இலக்கிய மன்ற விழாவில் நீதான் பேசப்போகிறாய், ஏழாம் அத்தியாயத்தையும் கொஞ்சம் வாசித்துக் காட்டு என்றுவிட்டார். பிறந்ததிலிருந்து தபீதாள் மேடையேறியதில்லை. ஆனாலும் வேறு எதற்கும் அவள் இத்தனை ஆசைப்பட்டதில்லை.

அந்த வாரமே வீட்டில் குண்டு விழுந்தது. அந்த நாவலைப் பாடத்திலிருந்து எடுக்கக் கோரிக் கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு தயாராகிக்கொண்டிருந்தது. எழுதியவர் ஞானையா. அறுப்பின் பண்டிகை அன்று சபையாரிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் திங்கட்கிழமை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதாகத் திட்டம். மனு போனால் நாவல் போகும், நாவல் போனால் மேடை போகும். தபீதாள் செய்யக்கூடியதாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாமுண்டீஸ்வரியின் புத்தகம் அப்பா கண்ணில் பட்டால் அதற்கும் பசை விழும். அதைக் கொண்டுபோய்ச் சமையலறைப் பரணில், சும்மா கிடந்த ஒரு மூங்கில் கூடையின் அடியில், பழைய செய்தித்தாளுக்குக் கீழே ஒளித்து வைத்தாள்.

அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் படைக்க வேண்டும். அஸ்தினாபுரத்தில் விளைந்தது வீடுகள்தான். அதனால் எல்லோரும் மார்க்கெட்டில் விளைந்ததை வாங்கிப் படைத்தார்கள். ஞானசௌந்தரியும் பறங்கிக்காய், பப்பாளி, கொய்யாப்பழம் எல்லாம் வாங்கி வந்தாள். அடுக்குவதற்குக் கூடை தேடிப் பரணில் கைவைத்தாள். ஏற்கெனவே செய்தித்தாள் விரித்துத் தயாராக ஒரு கூடை இருந்ததைப் பார்த்து, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

காலை ஆராதனையில் ஆயர் காணிக்கைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெபம் செய்தார். ஞானையா அறிவிப்பு வாசித்து, மனுவின் சாரத்தையும் முழங்கி, எந்தக் கல்லூரி, எந்த நாவல், எந்த அத்தியாயம் என்று சபைக்குப் புட்டுப் புட்டு வைத்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். போட்டவர்களில் பலர் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதே, அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று பக்கத்தில் விசாரித்தார்கள்.

அப்புறம் வெளியே பந்தலில் ஏலம். ஏலம் விடுவது வருஷா வருஷம் ஞானையாதான், அந்தக் குரலுக்கு வேறு யாரைக் கூப்பிடுவது? அதற்கு இரண்டு விதி உண்டு. படைத்து ஜெபித்த பொருளைத் திருப்பி எடுக்கக் கூடாது, எதுவானாலும் ஏலத்துக்கு வந்தாக வேண்டும். ஆண்டவர் முன்னால் வைத்த பொருளை ஏலக்காரர் குறை சொல்லவும் கூடாது, வாய் நிறையப் புகழ வேண்டும். ஞானையா ஒரு சொத்தைக் கத்தரிக்காயைக்கூட மணமகள்போல் வர்ணித்து விற்கக்கூடியவர்.

தன் வீட்டுக் கூடை வந்ததும் அவருக்கு உற்சாகம் கூடியது. பறங்கி போனது, பப்பாளி போனது, கொய்யா போனது. செய்தித்தாளை விலக்கினார். காக்கி அட்டை போட்ட ஒரு புத்தகம். மனைவி ஏதோ பாட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள் என்று நினைத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"அன்பானவர்களே, இதோ ஒரு நல்ல புத்தகம். எவ்வளவு நேர்த்தியா அட்டை போட்டிருக்காங்க பாருங்க. பிள்ளைங்க கையில இருக்க வேண்டிய புத்தகம். குடும்பமா உட்கார்ந்து படிக்கலாம்."

பந்தல் ஓரத்தில் நின்ற தபீதாளுக்கு அந்த அட்டையைத் தெரியும்.

"என்ன புத்தகம் ஐயா?" என்றார் ஆயர்.

ஞானையா அட்டையில் ஒட்டியிருந்த லேபிளை வாசித்தார். அவருக்கு மெதுவாக வாசிக்கத் தெரியாது. "சாமுண்டீஸ்வரி, முதலாண்டு" என்று ஆலய வளாகம் முழுக்க ஒலித்தது. சிரிப்பு கிளம்பியது. அவர் அட்டையைப் பிரித்துத் தலைப்பைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். அந்தக் குரல் முதல்முறையாக எங்கோ போய் ஒளிந்துகொண்டது. ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் தலைப்பை எட்டிப் பார்த்துவிட்டார்கள். காலையில் அவரே முழங்கிய தலைப்பாயிற்றே.

"தேங்காய் விலைக்கு நான் கேக்கறேன்" என்றது ஒரு குரல். "கோழி விலை" என்றார் இன்னொருவர். பொருளாளர் லாசரஸ், இது கண்ட கையில் போகக் கூடாது என்பதற்காக மட்டுமே கேட்பதாகச் சொல்லிக்கொண்டு, தானும் கோழிக்கு மேலே போனார். ஏலக்காரர் வாயைத் திறக்காமலே விலை ஏறிய ஏலம் அந்தச் சபையின் சரித்திரத்தில் அது ஒன்றுதான்.

"ஆட்டுக்குட்டி விலை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் வரிசையில் ஞானசௌந்தரி எழுந்து நின்றிருந்தாள். "அது வேற வீட்டுப் பொண்ணு பொருள். திருப்பிக் குடுக்கணும்" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். ஆட்டுக்குட்டிக்கு மேலே போக யாருக்கும் தைரியம் வரவில்லை. ஞானையா யாருக்கும் கேட்காத குரலில் மூன்று தரம் சொல்லிப் புத்தகத்தை மனைவியிடம் கொடுத்தார்.

மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஞானையா, "எங்க அது? மைதா இருக்கா?" என்றார்.

"ஆட்டுக்குட்டி விலை குடுத்து வாங்கியிருக்கேன். படிக்காம ஒட்ட விடமாட்டேன்" என்றாள் ஞானசௌந்தரி. "நீங்க இதப் படிச்சிருக்கீங்களா?"

ஞானையா கழற்றிய செருப்பைக் காலால் நேராக்கினார்.

"படிக்காமதான் ஊர் பூராக் கையெழுத்து வாங்கினீங்களா?" அவள் கூடத்தில் உட்கார்ந்து ஏழாம் அத்தியாயத்தைப் பிரித்து, தபீதாளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். ஞானையா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு செய்தித்தாளை விரித்துக்கொண்டார். வெகுநேரம் தாள் புரளவில்லை. உபதேசியார் பானைக்கு முன்னால் முழங்கால் போட்ட இடத்தில் ஞானசௌந்தரிக்குக் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் ஞானையா, ஜன்னலைப் பார்த்தபடி.

அப்புறத்தைத் தபீதாள் வாசித்தாள். கைம்பெண் வீட்டில் கஞ்சி கொதித்தது. மறுநாள் சபைச் செயலர் அரிசியை அளந்து பார்த்துக் கத்தினார். அந்தச் செயலரைப் பற்றி நாவலில் ஒரு வரி இருந்தது. அதையும் அவள் வாசித்தாள். ஞானையா எழுந்து வெளியே போய்விட்டார். அடித்துப் போட்டாலும் இனி அப்பா மனம் மாறாது என்று தபீதாளுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை மனு போகவில்லை. ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று லாசரஸிடம் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொன்று சொன்னார். "கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் முதல்ல ஒரு தடவ படிச்சிடலாம். முதல்வர் ஏதாவது கேள்வி கேட்டா முழிக்கக் கூடாது பாருங்க." அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சபைக்கென்று ஒரு பிரதி வாங்கி வீடு வீடாக அனுப்பினார்கள். லாசரஸ் இன்னும் ஒரே ஒரு தரம் சரிபார்க்க வேண்டும் என்று அதைத் திருப்பித் தரவில்லை. மனு அப்படியே நின்றுபோயிற்று.

குப்புராஜுக்கும் சேதி போயிருந்தது. சாமுண்டீஸ்வரி புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனபோது, "இன்னாம்மா, நம்ம வூட்டு புக்க சர்ச்சில ஏலம் உட்டாங்களாமே" என்று கேட்டாராம். ஆட்டுக்குட்டி விலைக்குப் போயிற்று என்று அவள் சொன்னதும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. "அவ்ளோ மதிப்பா அதுக்கு? அப்ப இன்னாத்துக்கு பின்னு, எடு எடு" என்று தானே நகத்தால் பின்னைக் கழற்றினாராம்.

பின் கழன்றுவிடும். மயில்துத்தம் போட்ட மைதா கழலுமா? ஞானையா கெட்டிலில் நீர் கொதிக்க வைத்து, சாமுண்டீஸ்வரியிடமிருந்து திரும்பி வந்த தபீதாளின் புத்தகத்தை ஆவியில் காட்டிப் பார்த்தார். எதிரெதிர்ப் பக்கங்களின் எழுத்துகள் ஒன்றோடொன்று கல்யாணம் செய்துகொண்டிருந்தன. பிரித்ததில் பாதி கிழிந்தது. பிறகு சாமுண்டீஸ்வரியின் புத்தகத்தை மறுபடி இரவல் வாங்கி வரச் சொல்லி, ஆபீசில் எல்லோரும் புகழ்கிற தன் குண்டு குண்டான கையெழுத்தில் ஏழாம் அத்தியாயத்தை முழுக்க எழுதினார். பக்க அளவுக்குத் தாளை வெட்டி, ஊசி நூலால் புத்தகத்தின் நடுவில் தைத்தார். மன்ற விழாவுக்கு முதல்நாள் காலையில் அதை மகளிடம் கொடுத்தார். "இத வெச்சே வாசி" என்றார்.

தபீதாளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ரயிலில் போகும்போது அப்பாவின் எழுத்தை வரி வரியாகப் படித்தாள். ஜெபம் இருந்தது. திருட்டு இருந்தது. கஞ்சி இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் இல்லை. சபைச் செயலரைப் பற்றிய அந்த வரியைக் காணோம். அப்பா கைதவறி எதையும் விடுகிறவர் இல்லை. ஆண்டவரை மன்னித்து விட்டுவிட்டார், உபதேசியாரை விட்டுவிட்டார், கடைசியில் அவரால் தாங்க முடியாமல் போனது அந்த ஒரு வரிதான். அதற்காக அவர்மேல் அவளுக்கு அன்பு கூடியது. இவ்வளவு தூரம் வந்த மனிதர், அந்த ஒரு வரி அவருக்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவுசெய்தாள்.

மன்ற விழாவுக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ஞானையாவும் ஞானசௌந்தரியும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தபீதாள் மேடையேறினாள். முதல் வாக்கியம் அவளுக்கே கேட்கவில்லை. முன்வரிசையிலிருந்து சாமுண்டீஸ்வரி, "சத்தமா பேசுடி" என்றாள். பேசினாள். அந்தப் பக்கம் திரும்பியிரும் என்று கேட்கிறவன் நம்புகிறவன் என்று சொன்னாள். பிறகு அப்பா தைத்துக் கொடுத்த பக்கங்களைப் பிரித்து வாசித்தாள். செயலர் அரிசியை அளந்தார், கத்தினார். விட்டுப்போன இடம் வந்தது. ஒரு நொடி தயங்கி, தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வரிக்குத் தாண்டினாள்.

"தபி."

பின்வரிசையில் ஞானையா எழுந்து நின்றிருந்தார். மைக் தேவைப்படாத குரல். "நடுவுல ஒரு வரி விட்டுப்போச்சும்மா. எழுதினவன் விட்டுட்டான். நீ சொல்லு."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அந்த வரி தபீதாளுக்கு மனப்பாடமாக இருந்தது.

"செயலருக்குக் குரல் பெரிது. அந்தக் குரலில் அவருக்கு வேறு யார் பேசுவதும் கேட்காது."

முதலில் சிரித்தவர் ஞானையாதான். சிரித்துவிட்டு உட்கார்ந்து, மிச்சத்தையும் வாசிக்கும்படி மகளுக்குக் கையால் சைகை காட்டினார்.